இரசிகர் கதைகளைப் பகிர்வதற்கு முன் திருத்துவது பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாம் விரும்பி வாசித்த நாவல்களிலும் பார்த்த திரைப்படங்களிலும் வரும் பாத்திரங்களை வைத்து இளையோர் எழுதுகின்ற இரசிகர் கதைகளைப் பற்றித் தங்கள் பத்திரிகையின் இளையோர் பக்கத்தில் அண்மையில் வந்த கட்டுரையை விருப்பத்தோடு வாசித்தேன். இத்தகைய கதைகளை எழுதும் பிள்ளைகளைப் பெரியவர்கள் ஏளனஞ் செய்யக்கூடாது என்று அதில் சொல்லப்பட்டிருந்ததை முழுமனத்தோடு ஏற்கிறேன். ஆனால், இவை அன்பினால் எழுதப்படுபவை ஆதலால் திருத்தம் எதுவும் வேண்டியதில்லை, மனத்தில் தோன்றியதைத் தோன்றியவாறே பகிர்ந்துவிடலாம் என்ற கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. நாம் நேசிக்கும் ஒரு படைப்பைத் தொட்டு எழுதும்போது, அது பிறர் கைக்குப் போகுமுன் கூடுதலான கவனத்தோடு திருத்தப்பட வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம். திருகோணமலையில் நெடுங்காலம் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற பின், அயலிலுள்ள பிள்ளைகள் கொண்டுவரும் கதைகளை வாசித்துக் கருத்துச் சொல்லி வருகிறவள் என்ற முறையில் இதனை எழுதுகிறேன்.

முற்றிலும் புதிய கதையொன்றை எழுதுபவருக்கு ஒரு வசதி உண்டு. அவருடைய கதாநாயகி எப்படிப் பேசுவாள், எதற்குக் கோபிப்பாள் என்பது வாசகருக்கு முன்கூட்டித் தெரியாது. எழுதுகிறவர் சொல்வதே அங்கு முடிந்த முடிபு. இரசிகர் கதை எழுதுபவருக்கு அந்த வசதி கிடையாது. கல்கி 'பொன்னியின் செல்வன்' நாவலை 1950 ஒக்டோபர் முதல் 1954 மே வரை தொடராக எழுதி முடித்தபோது, இன்னின்ன பாத்திரங்கள் பின்னர் என்ன ஆயினர் என்ற வாசகர்களின் கேள்விகளுக்கு விடை சொல்வதற்காக முடிவுரையொன்றையும் எழுத நேர்ந்தது. அந்த நாவலின் பாத்திரங்களை வைத்து இன்று ஒரு பிள்ளை கதை எழுதினால், அதைத் தேடி வாசிக்கப்போகிறவர்களும் அவ்வளவு நுணுக்கமாக மூலத்தை நினைவில் வைத்திருப்பவர்களே. குந்தவை பேசாத ஒரு சொல்லை அவள் வாயில் வைத்தால் முதல் வரியிலேயே அவர்கள் கண்டுகொள்வார்கள். கண்டுகொண்ட பின் கதையின் மீதி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவர்களுடைய மனம் அதற்குள் திரும்பிப் போவது கடினம்.

திருத்தாமல் பகிரும் வழக்கத்துக்குப் பிள்ளைகளைக் குறை சொல்வது நியாயமன்று. எழுதுவது என்பதை நாம் அவர்களுக்குக் கற்பித்த முறையே அப்படிப்பட்டது. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையின் கட்டுரையானாலும், தமிழ்மொழித் தினப் போட்டியின் சிறுகதை ஆக்கமானாலும், மணி அடித்தவுடன் எழுதத் தொடங்கி மணி அடிக்குமுன் எழுதி முடித்துத் தாளைக் கையளிப்பதையே அவர்கள் பழகியிருக்கிறார்கள். எழுதியதை ஒரு கிழமை கழித்து எடுத்துப் பார்ப்பது, நடுப்பகுதியைத் தூக்கி முன்னே வைப்பது, நன்றாக எழுதப்பட்டிருந்தும் கதைக்கு வேண்டாத ஒரு பக்கத்தை நீக்குவது ஆகியவற்றுக்குப் பரீட்சை மண்டபத்தில் இடமில்லை. ஆகவே பாடசாலையிலும் இடமில்லாமற் போயிற்று. எவரும் கேளாமல், புள்ளியை எதிர்பாராமல், தம் விருப்பத்தினால் மட்டுமே பிள்ளைகள் பக்கம் பக்கமாக எழுதுவதை நான் கண்டது இந்த இரசிகர் கதைகளில்தான். திருத்தி எழுதும் பழக்கத்தை விதைப்பதற்கு இதைவிட நல்ல இடம் நமக்குக் கிடைக்கப்போவதில்லை என்பதனாலேயே இவ்விடயத்தில் எனக்கு இத்தனை அக்கறை.

திருத்தம் என்றவுடன் பலரும் எழுத்துப்பிழையிலிருந்து தொடங்கிவிடுகிறார்கள். அது வீண் உழைப்பு. பின்னர் நீக்கப்படவேண்டிய ஒரு காட்சியில் ஒற்றுப்பிழை பார்த்து என்ன பயன்? முதலில் கதையைப் பார்க்க வேண்டும்: இந்தக் கதையில் யாருக்கு என்ன வேண்டும், அதற்குக் குறுக்கே நிற்பது எது, முடிவில் எது மாறியிருக்கிறது என்பவற்றுக்கு எழுதியவரே இரண்டு மூன்று வரிகளில் விடை எழுதிப் பார்க்க வேண்டும். விடை வராவிட்டால் அங்கு கதை இன்னும் உருவாகவில்லை. பாத்திரங்கள் சந்தித்துப் பேசிப் பிரிந்திருக்கிறார்கள், அவ்வளவே.

அடுத்தது பாத்திரம். இரசிகர் கதையின் உயிர் இதில்தான் இருக்கிறது என்பதால் இங்குச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதே நாவலில் வரும் நந்தினி, ஆதித்த கரிகாலனை மன்னித்துவிடுவதாக ஒரு பிள்ளை எழுத விரும்பினால் அதற்கு முழு உரிமை உண்டு. மூலத்தில் நடவாததை நடத்திப் பார்ப்பதற்காகத்தானே இத்தகைய கதைகள் எழுதப்படுகின்றன. ஆனால் கரிகாலனால் கொல்லப்பட்ட வீரபாண்டியனின் சாவுக்குப் பழிவாங்குவதையே வாழ்வின் நோக்கமாகக் கொண்டவள் இரண்டாம் பக்கத்தில் ஒரு காரணமும் இல்லாமல் மனம் மாறினால், அங்கு இருப்பது நந்தினியல்ல, அவளுடைய பெயரைச் சூடிய வேறொருத்தி. எழுதியவர் மூலத்துக்குத் திரும்பிச் சென்று, இந்த மாற்றத்துக்கு இடங்கொடுக்கும் பகுதி எது என்று தேட வேண்டும். கடம்பூர் மாளிகைக் காட்சிகளில் அவளுடைய மனம் அலைபாய்வதைக் கல்கியே காட்டியிருக்கிறார். அந்தத் தளர்ச்சியைப் பற்றிக்கொண்டு, அது ஒரு நாழிகை நீடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தொடங்கினால், வாசகர் மறுபேச்சின்றிக் கூடவே வருவார். தேடியும் இடம் கிடைக்காவிட்டால், அந்த இடத்தைக் கதைக்குள்ளேயே உருவாக்க வேண்டும்; அதற்கு இரண்டு பக்கம் போதாது.

புதிதாகப் படைக்கப்படும் பாத்திரத்திலும் இதேபோன்ற கவனம் தேவை. 1973ஆம் ஆண்டு ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் இரசிகர் சஞ்சிகையொன்றில் வந்த ஒரு கேலிக்கதையில் மேரி சூ என்ற பதினைந்து வயதுப் பெண் விண்கலத்திலுள்ள அனைவரையும் அறிவாலும் அழகாலும் வென்றுவிடுகிறாள். அன்று முதல், எழுதுகிறவரின் ஆசைகள் எல்லாவற்றையும் சுமந்து வரும் குறையற்ற பாத்திரத்துக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. தஞ்சாவூர் அரண்மனைக்குள் எங்கிருந்தோ வரும் ஒரு பெண் வாட்போரிலும் ஆடலிலும் மருத்துவத்திலும் வல்லவளாயிருந்து, அருள்மொழிவர்மன் முதற்கொண்டு எல்லோரும் அவளையே நாடுவதாக எழுதப்பட்ட கதைகளை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். அந்தப் பெண்ணை நீக்கிவிடு என்று நான் சொல்வதில்லை. அவளால் செய்ய முடியாத ஒன்றைக் கண்டுபிடித்து, கதையின் முக்கியமான கட்டத்தில் அதையே செய்யவேண்டிய நிலைக்கு அவளைக் கொண்டுவா என்று சொல்வேன். பெரும்பாலும் அதன்பின் கதை தானே நடக்கத் தொடங்கிவிடும்.

தொடக்கப் பக்கங்களைப் பற்றியும் ஒரு சொல். மூலக்கதையின் சுருக்கத்தோடு தொடங்கும் இரசிகர் கதைகளே அதிகம். இதை வாசிப்பவர்கள் மூலத்தை அறிந்தவர்கள் ஆதலால் அந்தச் சுருக்கத்தை நீக்கிவிடலாம்.

இடமும் காலமும் பற்றிய சரிபார்ப்பை நம்மூர்ப் பிள்ளைகளிடம் நான் சிறப்பாக வலியுறுத்துவதுண்டு. ஏனெனில் சோழர் காலக் கதைகளை எழுதுவதற்குத் திருகோணமலைப் பிள்ளைகளுக்கு வாய்த்திருக்கும் வளம் வேறு பலருக்கு வாய்க்காதது. அருள்மொழிவர்மனைத் திருகோணமலைக்கு அழைத்து வரும் கதைகளில், அவன் கோட்டை வாசலில் குதிரையை நிறுத்திவிட்டுக் கோணேசர் கோயிலுக்கு நடந்து போகிறான். கோயில் சரி, ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் 'கோணமாமலை அமர்ந்தாரே' என்று பாடிய தலம் அது. கோட்டை தவறு, 1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்த பின்னரே அங்குக் கோட்டை எழுந்தது, பிரெட்றிக் கோட்டை என்ற பெயரோ ஆங்கிலேயர் காலத்தது. அந்த வாசலை எடுத்துவிட்டு, கடலும் பாறையும் கோயில் விளக்குகளும் மட்டும் இருந்த மலையைக் கற்பனை செய்யச் சொன்னால், காட்சி முன்னையதைவிடப் பல மடங்கு சிறப்பாக வருவதைப் பிள்ளைகளே காண்கிறார்கள்.

உணவிலும் இப்படியே. வந்தியத்தேவன் சத்திரமொன்றில் மிளகாய்ச் சம்பலும் உருளைக்கிழங்குக் கறியும் சாப்பிடக்கூடாது. மிளகாய், உருளைக்கிழங்கு, தக்காளி, மரவள்ளி, பப்பாளி யாவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியர் வழியாகப் பின்னாளில் வந்தவை. அவனுடைய கறிக்கு உறைப்பு மிளகிலிருந்து வர வேண்டும். அவன் தூரத்தைக் காதத்தாலும் நேரத்தை நாழிகையாலும் அளக்க வேண்டும்; ஒரு நாழிகை என்பது 24 நிமிடம் என்பதைக் கணக்கில் கொண்டால், மூன்று நாழிகைக்குள் ஒருவன் எவ்வளவு தூரம் குதிரையில் போகலாம் என்பதையும் பிழையின்றிச் சொல்லலாம். மார்கழி மாதத்தில் சிறு தோணியொன்று கோணேசர் மலையடியில் அமைதியாக மிதப்பதாக எழுதும் பிள்ளை, வாடைக்காற்றுக் காலத்தில் இந்தக் கடல் எப்படி இருக்கும் என்று உப்புவெளியிலோ நிலாவெளியிலோ உள்ள கடற்றொழிலாளர் ஒருவரிடம் கேட்டால் போதும்.

திருகோணமலையை அடுத்த பெரியகுளத்திலுள்ள இராஜராஜப் பெரும்பள்ளியை இவ்விடத்தில் குறிப்பிடாமலிருக்க முடியவில்லை. வெல்கம் விகாரை எனப்படும் அந்தப் பௌத்தப் பள்ளிக்குச் சோழ மன்னனின் பெயர் சூட்டப்பட்டிருந்ததையும், தமிழர்கள் அதற்கு விளக்கும் பிறவும் தானமாகக் கொடுத்ததையும் அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகள் சொல்கின்றன. சோழர் ஆட்சி இங்கு வந்த பிந்திய காலத்தை வைத்து எழுத விரும்பும் பிள்ளைக்கு, நகரிலிருந்து சிறிது தூரத்தில் இப்படியொரு கதைக்களம் காத்திருக்கிறது. தமிழின் முதல் வரலாற்று நாவல் எனப்படும் 'மோகனாங்கி'யை 1895இல் வெளியிட்ட தி. த. சரவணமுத்துப்பிள்ளை இவ்வூரிற் பிறந்தவர். அவருடைய தமையனார் கனகசுந்தரம்பிள்ளை, பழந்தமிழ் நூல்களைப் பரிசோதித்துப் பதிப்பிக்கும் பணியிற் பெயர்பெற்றவர். கதை எழுதும் ஆர்வமும் சொல் சொல்லாகப் பரிசோதிக்கும் பொறுமையும் ஒரே வீட்டில் இருந்த ஊர் இது என்பதைப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

மொழிநடைக்கு வருகிறேன். கதைசொல்லியின் நடை ஒரு பத்தியில் செந்தமிழாகவும் அடுத்த பத்தியில் கைத்தொலைபேசிச் செய்திபோலவும் இருப்பது பெருங்குறை. அதைவிட அடிக்கடி நிகழ்வது காலமயக்கம்: 'வந்தாள், நின்றாள்' என்று போய்க்கொண்டிருந்த கதை திடீரென்று 'பார்க்கிறாள், அழுகிறாள்' என்று மாறிவிடும். உரையாடலில், யார் யாரை எப்படி விளிப்பார்கள் என்பதை ஒவ்வொரு சோடியாக எடுத்துச் சரிபார்க்க வேண்டும். தம்பி என்று அழைத்தவர் அடுத்த காட்சியில் காரணமின்றி ஐயா என்று அழைத்தால் உறவே மாறிவிடும். இக்காலக் கதையாக இருந்து, அது திருகோணமலையில் நடப்பதாகவும் இருந்தால், பாத்திரங்கள் சென்னைத் திரைப்படத் தமிழில் பேசக்கூடாது. நம் வீடுகளில் 'என்ன செய்யிறீங்கள்' என்று கேட்கும் அம்மம்மா கதைக்குள் வந்தவுடன் வேறோர் ஊராளாகிவிடுவது ஏன் என்று பிள்ளைகளைக் கேட்டால், அப்படித்தான் கதைகளில் எழுதுவார்கள் என்று நினைத்தோம் என்கிறார்கள். நம்முடைய பேச்சும் கதையில் வரத் தகுந்ததே என்று சொல்லிக்கொடுக்க வேண்டியது நம் பொறுப்பு.

உணர்ச்சியைக் குவித்து எழுதும் பழக்கத்துக்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். 'பூங்குழலியின் கண்களில் கண்ணீர் ஆறாகப் பெருகியது, அவளுடைய இதயம் சுக்குநூறாக உடைந்தது, அவள் தாங்கமுடியாத துயரத்தில் மூழ்கினாள்' என்று முதலில் எழுதப்பட்டிருந்ததாக வைத்துக்கொள்வோம். மூன்று வாக்கியங்களும் ஒன்றையே சொல்கின்றன; அவை எந்தப் பெண்ணுக்கும் பொருந்தும். படகோட்டும் பெண்ணொருத்தி துயரத்தில் என்ன செய்வாள் என்று யோசித்துத் திருத்தினால் இப்படி வரலாம்: 'பூங்குழலி துடுப்பை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டாள். படகு தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது.' கண்ணீர் என்ற சொல் இங்கு இல்லை. ஆனாலும் வாசகருக்கு அது தெரிகிறது. இது பூங்குழலிக்கு மட்டுமே உரிய காட்சியாகவும் ஆகிவிடுகிறது.

இவற்றையெல்லாம் எழுதியவர் தனியாகவே கண்டுபிடித்துவிட முடியாது. மேலைநாட்டு இரசிகர் கதை எழுத்தாளர்களிடையே, வெளியிடுமுன் கதையை வாசித்துக் கருத்துச் சொல்பவரைப் பீட்டா வாசகர் என்று அழைத்து, கதையின் தொடக்கக் குறிப்பில் அவருக்கு நன்றி கூறும் நல்வழக்கம் நெடுநாளாக உண்டு. அவர்களுடைய கதைகள் சேர்த்துவைக்கப்பட்டிருக்கும் 'ஆர்க்கைவ் ஒஃப் அவர் ஓன்' என்ற களஞ்சியத்துக்கு 2019இல், அறிவியற் புனைகதை உலகின் பெரும் விருதான ஹியூகோ விருது கிடைத்தது. நமக்கு இது புதிய ஏற்பாடும் அல்ல. கோயில்களில் கந்தபுராணப் படிப்பு நடக்கும்போது ஒருவர் பாட்டை வாசிக்க மற்றொருவர் அதன் பொருளை விளக்கிப் பயன் சொல்வார்; வாசிப்பவர் பிழைவிட்டால் பயன் சொல்பவர் அந்த இடத்திலேயே நிறுத்துவார். அவ்வாறே, கதையை எழுதிய பிள்ளை உரத்து வாசிக்க, நண்பரொருவர் ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் தமக்கு விளங்கியதைத் தம் சொற்களில் சொல்ல வேண்டும். எழுதியவர் நினைத்ததும் கேட்டவர் சொன்னதும் எங்கு வேறுபடுகின்றனவோ அங்கு திருத்தம் வேண்டும். நாக்குத் தடுமாறும் வாக்கியங்களும் அப்போதே வெளிப்படும். கச்சியப்ப சிவாசாரியார் அந்தப் புராணத்தைக் காஞ்சிக் குமரகோட்டத்தில் அரங்கேற்றியபோது 'திகட சக்கர' என்ற முதற்சொற்களின் புணர்ச்சிக்கே சபையில் தடை எழுந்ததென்றும், வீரசோழியம் என்ற இலக்கண நூலிலிருந்து விதி காட்டப்பட்ட பின்னரே அரங்கேற்றம் தொடர்ந்ததென்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அத்தகைய கேள்வியை அவமதிப்பாகக் கொள்ளாத ஒரு மரபிலிருந்து நாம் வந்திருக்கிறோம்.

முன்வாசிப்புச் செய்பவருக்கும் கடமைகள் உண்டு. 'சுப்பர்' என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுப்பது உதவியாகாது. தம்முடைய நடையில் கதையை மாற்றி எழுதிக் கொடுப்பது அதைவிடத் தீங்கு. அது கதையை எழுதியவரிடமிருந்து பறிப்பதாகும். எங்கு சலித்தது, எங்கு குழம்பியது, எந்த இடத்தில் பாத்திரத்தை நம்ப முடியவில்லை, எந்த வரி மனத்தில் நின்றது என்று சுட்டிக்காட்டுவதோடு அவர் நின்றுவிட வேண்டும். மாற்றுவதா விடுவதா என்ற தீர்மானம் எழுதியவருடையது. சிவப்புப் பேனாவைக் கண்டு எழுதுவதையே நிறுத்திவிட்ட பெண்பிள்ளைகள் பலர் என் நினைவில் இருக்கிறார்கள். ஆசிரியர்களாகிய நாம் இதில் மிகுந்த நிதானத்தோடு நடந்துகொள்ள வேண்டும்.

எழுத்துப்பிழை பார்ப்பது கடைசி வேலை. 'வாணி', 'நாவி' போன்ற தமிழ்த் திருத்திகள் எழுத்திலும் சந்தியிலும் நல்ல துணை செய்கின்றன. ஆயினும் மழை பெய்யவேண்டிய இடத்தில் 'மலை' என்றும், கதாநாயகி நுழையவேண்டிய அறை 'அரை' என்றும் இருந்தால், இரண்டுமே சரியான சொற்கள் ஆதலால் கருவி அவற்றைக் கடந்து போய்விடக்கூடும். அதற்கு மனிதக் கண் வேண்டும். கைத்தொலைபேசித் திரையில் எழுதியதை அதே திரையில் திருத்தாமல், கடதாசியில் அச்செடுத்தோ எழுத்தின் அளவை மாற்றியோ வாசித்தால் மறைந்திருந்த பிழைகள் பல கண்ணிற்படும்.

மூலப் படைப்பின் பெயரையும் ஆசிரியரின் பெயரையும் கதையின் தலைப்பிலேயே குறிப்பிடுவதும், இளம் வாசகர்களுக்குப் பொருந்தாத பகுதிகள் இருந்தால் முன்கூட்டியே அறிவிப்பதும் பகிர்வதற்குமுன் செய்யவேண்டியவை. கல்கியின் எழுத்துகள் 1999இல் தமிழ்நாட்டு அரசால் நாட்டுடைமையாக்கப்பட்டவை. இன்று எழுதிக்கொண்டிருக்கும் ஓர் ஆசிரியரின் பாத்திரங்களை எடுப்பதாயின், அதனைப் பணமீட்டும் நோக்கத்துக்குப் பயன்படுத்தாதிருப்பதே முறை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இளையோர் பக்கத்தில் மாதமொரு முறை அரைப்பக்கம் ஒதுக்கி, பிள்ளையொருவர் எழுதிய கதையின் முதற்படியிலிருந்து ஒரு காட்சியையும், திருத்திய பின்னான அதே காட்சியையும் அருகருகே வெளியிடுங்கள். எதை ஏன் மாற்றினார் என்பதை அவரே சில வரிகளில் எழுதட்டும். நமது மாவட்டத்தின் பொது நூலகங்களும் கிழமைக்கு ஒரு மாலையில் ஒரு மணிநேரத்தை இத்தகைய முன்வாசிப்புக்கென ஒதுக்கினால், மூதூரிலும் கிண்ணியாவிலும் குச்சவெளியிலும் தனித்தனியே எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் ஒருவர் கதைக்கு மற்றவர் வாசகராக அமைவார்கள். ஆசிரியர் குழு இதற்கு இணங்குமாயின், பிள்ளைகளின் சம்மதத்தோடும் பெற்றோரின் சம்மதத்தோடும் முதற்சில மாதங்களுக்கு வேண்டிய கதைப் படிகளைத் திரட்டித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.